பல்லில்லாப் பெருந்திமிங்கிலங்கள்: காசிமேட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், விலங்கியல் படித்தவள். மாலை வேளைகளில் என்னிடம் பாடம் படிக்க வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்தவர்கள். அவர்களுடைய அப்பாவோ மாமாவோ லாஞ்சில் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிறவராக இருப்பார். திமிங்கிலத்தைப் பற்றி அந்தப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பல்லுக்குப் பதிலாக வாயில் சல்லடைத் தட்டுகள் கொண்ட பெருந்திமிங்கிலங்களைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறேன்.

திமிங்கிலம் மீன்தானே? எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

மீன் அன்று. அது நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி ஈன்று பால் கொடுக்கிறது, பனிக்கட்டி மிதக்கும் கடலிலும் உடம்பைச் சூடாகவே வைத்துக்கொள்கிறது. அடையாளம் காண எளிய வழி வாலைப் பார்ப்பது. ஏலத்துக்கு வந்திருக்கும் வஞ்சிரத்தையோ சூரையையோ பார்த்தால் வால் செங்குத்தாக நிற்கும். அது பக்கவாட்டில் அடித்து நீந்துகிறது. நம்மவர்கள் ஓங்கல் என்று சொல்லும் டால்பினுக்கும் திமிங்கிலத்துக்கும் வால் படுக்கை வாட்டமாக விரிந்திருக்கும். அவை மேலும் கீழுமாக அடித்து நீந்துகின்றன. நாய் பாய்ந்து ஓடும்போது முதுகெலும்பு மேலும் கீழுமாக வளைவதைப் பார்த்திருப்பீர்கள். தரையில் ஓடிய முன்னோரிடமிருந்து வந்த அதே அசைவுதான் இது.

திமிங்கிலச் சுறா என்று ஒன்று வலையில் படுவதால்தான் இந்தக் குழப்பம் வலுக்கிறது. அது உண்மையிலேயே மீன். பெயரில்தான் திமிங்கிலம் இருக்கிறது.

பல் இல்லாமல் அவ்வளவு பெரிய உடம்பை எப்படி வளர்க்கிறது?

இந்தத் திமிங்கிலங்களின் மேல்தாடையிலிருந்து நூற்றுக்கணக்கான தட்டுகள் திரைச்சீலைபோலத் தொங்குகின்றன. இவற்றுக்குப் பலீன் என்று பெயர். நம் நகமும் தலைமுடியும் ஆன கெராட்டின் என்ற பொருளால்தான் இவையும் ஆகியிருக்கின்றன. நீலத் திமிங்கிலத்துக்கு ஒரு பக்கத்துக்குச் சுமார் முந்நூறு தட்டுகள், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தில், கறுப்பாக இருக்கும். ஆர்க்டிக் கடலில் வாழும் வில்தலைத் திமிங்கிலத்தின் தட்டுகள் நான்கு மீட்டர் வரை நீள்கின்றன. தட்டின் வெளிவிளிம்பு வழவழப்பாகவும் நாக்கின் பக்கமுள்ள உள்விளிம்பு கிழிந்து நார்நாராகவும் இருக்கும். அந்த நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தென்னம்பாளையின் அடியிலுள்ள பன்னாடையைப்போல ஒரு வடிகட்டி ஆகிவிடுகின்றன. நகம் வளர்வதுபோலத் தட்டு மேலிருந்து வளர்ந்துகொண்டே வர, நாக்கு உரசி உரசி அடிப்பக்கம் தேய்ந்துகொண்டே இருக்கிறது.

இதில் எனக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. தாயின் வயிற்றில் இருக்கும் குட்டிக்கு முதலில் பல்முளைகள் தோன்றுகின்றன. பிறப்பதற்கு முன்பே அவை கரைந்துபோய், அந்த இடத்தில் பலீன் உருவாகிறது. இவற்றின் முன்னோர் பல்லோடு இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று வேறு வேண்டியதில்லை.

வாயைத் திறந்துகொண்டே நீந்துமா?

சில அப்படிச் செய்யும். வில்தலைத் திமிங்கிலமும் அதன் உறவினங்களும் வாயைத் திறந்தபடி மெதுவாக நீந்திக்கொண்டே வடிகட்டும். நீலத் திமிங்கிலம், துடுப்புத் திமிங்கிலம், கூன்முதுகுத் திமிங்கிலம், பிரைடு திமிங்கிலம் ஆகியவை வேறு விதம். இவற்றின் முகவாயிலிருந்து தொப்புள் வரை, பாவாடைக் கொசுவம் போல நீளவாக்கில் மடிப்புகள் இருக்கும். இரை திரண்டிருக்கும் இடத்தை நோக்கி வேகமாகப் பாய்ந்து வாயைத் திறந்தால் அந்த மடிப்புகள் விரிந்து, தொண்டைப் பை பலூன்போல உப்புகிறது. துடுப்புத் திமிங்கிலம் ஒரே பாய்ச்சலில் ஏறத்தாழ 70,000 லிட்டர் தண்ணீரை அள்ளுகிறது. கோடையில் நம் தெருமுனைக்கு வரும் 9,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் எட்டு வரிசையாக நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவும் சில நொடிகளில் ஒரு வாய்க்குள் போய்விடுகிறது. பிறகு வாயை மூடி, தொண்டைத் தசைகளைச் சுருக்கி, பலீன் வழியே தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு, உள்ளே தங்கியதை விழுங்குகிறது.

இவ்வளவு பெரிய வாய் சரியான நொடியில் திறந்து மூட வேண்டுமே! கீழ்த்தாடை எலும்புகள் இரண்டும் முன்னால் சேரும் இடத்தில் இதற்கென்றே ஓர் உணர்வுறுப்பு இருப்பதை 2012இல்தான் கண்டுபிடித்தார்கள். வாயடி நரம்புகள் ரப்பர்போல நீண்டு சுருங்கக்கூடியவை என்பது 2015இல் தெரியவந்தது. நம் நரம்பு அப்படி இழுபட்டால் சேதமாகிவிடும்.

அப்படி என்னதான் சாப்பிடுகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் கையில் ஒரு பிடி சென்னாகூனியை, அதாவது காய்ந்த பொடி இறாலை, வைத்துக்கொள்வது என் வழக்கம். கத்தரிக்காயோடு சேர்த்து வதக்குகிறோமே, அதே சென்னாகூனிதான். காசிமேட்டில் முறத்தில் போட்டுப் புடைக்கும்போது தூசு பறந்துபோய், வெளிர் இளஞ்சிவப்பாக, ஒவ்வொன்றும் இரண்டு கறுப்புக் கண்ணோடு தங்கும். ஒன்றை மட்டும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் எடையே தெரியாது.

தென்துருவக் கடலில் நீலத் திமிங்கிலங்கள் தின்பது கிரில் என்ற உயிர். பார்வைக்கு இறால் குஞ்சுபோல இருந்தாலும் அது தனி வகை. ஆகவே உலகெங்கும் நீலத் திமிங்கிலத்தின் உணவு கிரில்தான் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இலங்கையின் தென்கடலில் திமிங்கிலங்களின் கழிவைச் சேகரித்து, அதிலுள்ள மரபணுவை ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. அந்தத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் தின்றது செர்ஜெஸ்டிட் என்ற குடும்பத்து இறால்களை. 2018இல் அந்த முடிவு வெளியானது. நம் சென்னாகூனியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கே ஆழக்கடலில் இருப்பதும் இங்கே கரையோர வலையில் படுவதும் ஒரே இனமல்ல. ஆனால் நெருங்கிய உறவு. உலகத்தின் மிகப் பெரிய உயிரும் நம் வீட்டு அடுப்பும் ஒரே குடும்பத்து இறாலை நம்பியிருக்கின்றன என்று சொன்னதும், ஒரு பையன் பிடியிலிருந்த கூனியை மெல்லத் திருப்பி டப்பாவிலேயே போட்டுவிட்டான்.

அளவும் சொல்ல வேண்டும். வட பசிபிக்கின் கிழக்குப் பகுதியில் ஒரு நீலத் திமிங்கிலம், இரை கிடைக்கும் காலத்தில், நாளொன்றுக்குச் சராசரியாக 16 டன் கிரில் தின்கிறது என்று 2021இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதற்கு முன்பு நான்கு டன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் இப்படித் தின்பதில்லை. துருவப் பக்கம் கோடையில் தின்று கொழுப்புச் சேர்த்துக்கொண்டு, குட்டி ஈனுவதற்கு வெப்பக் கடலுக்கு வரும் இனங்கள், மாதக்கணக்கில் ஏறத்தாழப் பட்டினியாகவே இருக்கும்.

கூன்முதுகுத் திமிங்கிலங்கள் சிறு மீனையும் பிடிக்கும். சில கூட்டமாகச் சேர்ந்து, மீன்திரளைச் சுற்றி அடியிலிருந்து வட்டமாகக் குமிழிகளை விட்டுக்கொண்டே மேலே வரும். குமிழிச் சுவரைத் தாண்ட அஞ்சி மீன்கள் நடுவில் நெருங்கிக்கொள்ள, எல்லாம் ஒன்றாக வாயைத் திறந்து மேலெழும். சுருக்கு வலை போட்டவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

எவ்வளவு பெரிது?

தென்துருவ நீலத் திமிங்கிலம் 30 மீட்டர் வரை வளர்கிறது. எடை 150 டன்னைத் தாண்டக்கூடும். நம் பக்கத்து இந்தியப் பெருங்கடல் வகை சற்றுச் சிறியது, 24 மீட்டர் அளவு. இரண்டு மாநகரப் பேருந்துகளை முட்டி நிறுத்தினால் வரும் நீளம் அது. எல்லாப் பலீன் திமிங்கிலங்களும் இராட்சதமல்ல. குள்ள வகை ஒன்று ஆறரை மீட்டரோடு நின்றுவிடுகிறது. பெரும்பாலான இனங்களில் ஆணைவிடப் பெண்தான் பெரியது, ஏனென்றால் குட்டிக்கான கொழுப்பையும் பாலையும் அவளே சுமக்கிறாள்.

மனிதனை விழுங்கிவிடுமா?

விழுங்க முடியாது. திமிங்கிலம் என்ற சொல்லுக்கே ‘திமி என்னும் பெருமீனை விழுங்குவது’ என்பதுதான் பொருள். பழைய காலத்துக் கடலோடிகள் வாயின் அளவைப் பார்த்து அப்படி நினைத்திருக்க வேண்டும். வாய் மண்டபம்போல இருந்தாலும், உணவுக்குழல் சிறிய இரைக்கே ஏற்றபடி குறுகலானது. 2021 ஜூன் மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலில், சிங்கி இறால் எடுக்க மூழ்கியிருந்த ஒருவர் ஒரு கூன்முதுகுத் திமிங்கிலத்தின் வாய்க்குள் தவறிப்போய் மாட்டிக்கொண்டார். ஒரு நிமிடத்துக்குள் அது மேலே வந்து அவரைத் துப்பிவிட்டது. அவர் உயிர் பிழைத்தார்.

தலையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறதே, அது என்ன?

நாற்பது வருடம் கடலுக்குப் போன ஒரு பெரியவர், “ஆழத்துல ஒருதரம் பார்த்தேம்மா, புகை வண்டி மாதிரி வெள்ளையா மேலே போச்சு” என்றார். அவர் பார்த்தது மூச்சு. நுரையீரலிலிருந்து சூடான காற்று பெரும் அழுத்தத்தோடு வெளியேறும்போது, அதன் ஈரமும் மூச்சுத்துளை மேலிருந்த தண்ணீரும் சேர்ந்து பொடிப்பொடியான துளிகளாக எழுகின்றன. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு ஒன்பது மீட்டருக்கு மேல் எழும்பும். பலீன் திமிங்கிலங்களுக்கு நம் மூக்குபோல இரண்டு துளைகள். பல்லுள்ளவற்றுக்கு வெளியே தெரிவது ஒன்றுதான். சாதாரணமாக நாம் ஒரு மூச்சில் நுரையீரல் காற்றில் சிறு பங்கையே மாற்றுகிறோம். திமிங்கிலம் எண்பது விழுக்காட்டுக்கு மேல் மாற்றிவிடுகிறது.

இதயத்தைப் பற்றியும் கேட்பார்கள். கரை ஒதுங்கிய ஒரு நீலத் திமிங்கிலத்தின் இதயம் ஏறத்தாழ 180 கிலோ இருந்தது. 25 கிலோ அரிசி மூட்டை ஏழுக்குச் சமம். கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் மேல் கருவியை ஒட்டவைத்து அளந்த முடிவு 2019இல் வெளியானது. ஆழத்தில் மூழ்கியிருக்கும்போது நிமிடத்துக்கு இரண்டு துடிப்பு வரை இறங்கிய இதயம், மேலே வந்து மூச்சு வாங்கும்போது 37 வரை ஏறியது.

குட்டியை எப்படி வளர்க்கிறது?

நீலத் திமிங்கிலம் ஏறத்தாழ ஓராண்டு கருவைச் சுமந்து, ஒரே ஒரு குட்டியை ஈனும். பிறக்கும்போதே அது ஏழு மீட்டர் நீளமும் இரண்டரை டன் எடையும் இருக்கும். தாய்ப்பாலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. அந்தப் பாலைக் குடித்து ஒரு நாளைக்கு 90 கிலோ வரை எடை கூடுகிறது. ஆறு ஏழு மாதத்தில் பால்குடி மறந்துவிடும். அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி. வேட்டையில் அழிந்த எண்ணிக்கை மெதுவாகவே மீள்வதற்கு இந்த இடைவெளிதான் முதல் காரணம்.

எத்தனை வயது வாழும்?

நீலத் திமிங்கிலம் எண்பது தொண்ணூறு ஆண்டு. வில்தலைத் திமிங்கிலம் இருநூறைத் தாண்டும். 2007இல் அலாஸ்காவில் பிடிபட்ட ஒன்றின் தோளெலும்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட வேட்டை ஈட்டியின் முனை புதைந்திருந்தது. பல இனங்களில் காதுக்குறும்பியை வைத்து வயதைக் கணிக்கலாம். அது வெளியே வழியாமல், மரத்தின் ஆண்டு வளையம்போல அடுக்கடுக்காகச் சேர்கிறது. அந்த அடுக்குகளை ஆராய்ந்தால், எந்த வயதில் உடம்பில் மன அழுத்தத்துக்கான சுரப்பு கூடியது, எப்போது பூச்சிமருந்து நச்சு சேர்ந்தது என்பதுகூடத் தெரிந்துவிடுகிறது.

பாடும் என்கிறார்களே?

கூன்முதுகுத் திமிங்கிலத்தின் ஆண்கள் பாடும். குறிப்பிட்ட வரிசையில், திரும்பத் திரும்ப வரும் அடிகளோடு அந்த ஒலி அமைந்திருப்பதை ஆய்வாளர்கள் ராஜர் பெயினும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் விளக்கினார்கள். ஒரு பகுதியிலுள்ள ஆண்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பாட்டைப் பாட, அந்தப் பாட்டு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. நீலத் திமிங்கிலத்தின் ஒலி மிகத் தாழ்ந்தது. பெரும்பகுதி மனிதக் காதுக்கு எட்டாது, ஆனால் கடலுக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். இலங்கையைச் சுற்றியுள்ள நீலத் திமிங்கிலங்களுக்கென்று தனி ஒலி வடிவம் உண்டு.

கப்பல் எஞ்சினும் சுழலியும் எழுப்பும் இரைச்சல் இதே தாழ்ந்த அலைவரிசையில்தான் விழுகிறது. சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்களுக்கு நடுவில் வாழும் நாம் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் நடந்த 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சில நாள் வட அமெரிக்கக் கிழக்குக் கரையில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. அந்த நாட்களில் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கடல் இரைச்சல் தணிந்தது. அங்கிருந்த, வில்தலையின் உறவினமான ரைட் திமிங்கிலங்களின் கழிவில் மன அழுத்தச் சுரப்பின் அளவும் குறைந்திருந்தது. வேறு நோக்கத்துக்காக ஆண்டுதோறும் கழிவைச் சேகரித்துவந்தவர்களுக்கு, பிற்பாடு கணக்குப் பார்த்தபோது இது புலப்பட்டது.

திமிங்கில எச்சம் கோடிக்கணக்கில் விலை போகிறதே, இவற்றிடமிருந்து வருவதுதானா?

இல்லை. அம்பர்கிரிஸ் என்பது பல்லுள்ள எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் மட்டும் உருவாவது. கணவாயின் கடினமான அலகுகள் செரிக்காமல் குடலில் தங்கும்போது அது உண்டாகிறது. பலீன் திமிங்கிலத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கடலில் மிதந்து கிடைத்தது என்றாலும் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். இடைத்தரகர் பேச்சை நம்பிச் சிறைக்குப் போன மீனவர் குடும்பங்களின் துயரம் பெரிது.

கடல் விலங்கு தரையில் ஓடியது என்கிறீர்களே, உண்மையா?

உண்மை, அதற்கான சான்றுகளில் பல நம் துணைக்கண்டத்திலேயே கிடைத்தவை. சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே டெத்தீஸ் என்ற கடல் இருந்தது. அதன் கரையில் நான்கு காலோடு நடந்த முன்னோர்களின் எலும்புகள் பாகிஸ்தானிலும், இமாசலத்திலும், கட்ச் பகுதியிலும் கிடைத்தன. காஷ்மீரில் நிலவியலாளர் ரங்கா ராவ் சேகரித்து வைத்திருந்த பாறைகளிலிருந்து, முயலளவை விடச் சற்றே பெரிய, மான்போன்ற இண்டோஹையஸ் என்ற விலங்கு வெளிப்பட்டது. அதன் காதெலும்பு திமிங்கிலத்தின் காதெலும்பைப்போலத் தடித்திருந்ததை 2007இல் தொல்லுயிரியலாளர் ஹான்ஸ் தெவிசன் குழுவினர் எழுதினார்கள். இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை.

நம் கடலில் இருக்கின்றனவா? மெரினாவிலோ எண்ணூரிலோ ஏன் தெரிவதில்லை?

வங்காள விரிகுடாவில் பிரைடு திமிங்கிலமும் நீலத் திமிங்கிலமும் இருக்கின்றன. பிரைடு திமிங்கிலத்தின் தலைமேல் மூன்று வரம்புகள் நீளமாக ஓடும், அதுதான் அடையாளம். சென்னையை ஒட்டிய கடல் பல கடல் மைல் தூரத்துக்கு ஆழம் குறைவானது. திமிங்கிலம் இரை தேடும் ஆழம் அதற்கும் அப்பால் தொடங்குகிறது. திருகோணமலையிலோ ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு துறைமுக வாய் வரைக்கும் வந்துவிடுகிறது. அதனால் அங்கே கரைக்கு அருகிலேயே அவற்றைக் காணலாம்.

வட இந்தியப் பெருங்கடலின் நீலத் திமிங்கிலங்கள் துருவத்துக்குப் போவதே இல்லை. இந்த வெப்பக் கடலிலேயே பிறந்து, தின்று, குட்டி ஈன்று வாழ்கின்றன. அரபிக் கடலிலும் இப்படி வெளியே போகாத கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இருக்கின்றன. ஓமான் கரையோரம் எண்ணிப் பார்த்தபோது நூறுகூடத் தேறவில்லை. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் சட்டத்தை மீறி இந்தக் கடலில் புகுந்தன. 1966இல் மட்டும் அரபிக் கடலில் 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன. அந்தக் கணக்கு முப்பது ஆண்டு மறைக்கப்பட்டிருந்தது. தென்துருவ நீலத் திமிங்கிலங்களோ, வேட்டைக்கு முன் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தவை 1973 வாக்கில் சில நூறாகிவிட்டன. 1979இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1986இலிருந்து வணிக வேட்டைக்கு உலகத் தடை நடப்பில் இருக்கிறது. இன்று இலங்கையின் தென்முனையைச் சுற்றிச் செல்லும் கப்பல் பாதையும், வலையில் சிக்குவதும்தான் இங்கே பெரிய ஆபத்து.

கரை ஒதுங்கினால் என்ன செய்ய வேண்டும்?

வனத்துறைக்கும் கடலோரக் காவலுக்கும் உடனே சொல்லுங்கள். உயிரோடு இருந்தால் ஈரத் துணி போர்த்தி, மூச்சுத்துளையில் மணலோ தண்ணீரோ போகாமல் பாருங்கள். வாலைக் கட்டி இழுக்க வேண்டாம். தண்ணீரில் மிதந்து பழகிய உடம்பு என்பதால், தரையில் தன் எடையே நுரையீரலை அழுத்தும். செத்துப்போனதாக இருந்தால் மேலே ஏறிப் படம் எடுக்காதீர்கள்; அழுகும்போது உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு பக்கம் எண்பதுக்கும் மேல் ஒன்றாக ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். அவை பல்லுள்ள பைலட் திமிங்கிலங்கள். கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம் என்பதால், கடலுக்குள் தள்ளிவிட்டாலும் பல திரும்பிக் கரைக்கே வந்தன. பலீன் திமிங்கிலங்கள் பெரும்பாலும் தனியாகவோ தாயும் குட்டியுமாகவோ ஒதுங்கும்.

சென்னையிலேயே பார்க்க முடியுமா?

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் விலங்கியல் கூடத்தில் பெரிய திமிங்கில எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போவது எளிது. எல்லாரும் முதலில் தலைப்பக்கமே ஓடுவார்கள். நீங்கள் பக்கத்துடுப்பின் எலும்புகளிடம் நில்லுங்கள். மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று ஒவ்வொன்றாகப் பிள்ளை தன் கையில் தொட்டுக்கொண்டே எண்ணலாம். விரலில் மட்டும் கணுக்கள் நம்மைவிட அதிகமாக வரும்.